மலைப்பாதைக்கு ஷூ வாங்குவதற்கு முன்

ஏற்காடு, ஏலகிரி, கொல்லிமலை, கோத்தகிரி என எந்த மலைப்பக்கம் சென்றாலும் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஒரு புதிய கூட்டத்தைக் காண முடிகிறது. தோளில் தண்ணீர்ப் பை, மணிக்கட்டில் அடிகளை எண்ணும் கடிகாரம், காலில் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் ஷூ. தார்ச்சாலையை விட்டு இறங்கித் தேயிலைத் தோட்டத்து மண்பாதையிலும் காட்டோரத்து ஒற்றையடிப் பாதையிலும் ஓடுகிறவர்கள் இவர்கள். ‘ட்ரெயில் ரன்னிங்’ என்று இதற்குப் பெயர் வழங்குகிறது. இவர்களில் இளைஞர்கள் மட்டுமே இல்லை. 50 வயதைக் கடந்தவர்கள், இதய நாளத்தில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டவர்கள், 15 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மருந்து உண்பவர்கள் எனப் பலரும் இருக்கிறார்கள். எலும்பு மூட்டு மருத்துவன் என்ற முறையில் இதைக் கண்டு எனக்கு மகிழ்ச்சியே. நாற்காலியை விட்டு எழுந்து மலைக்குப் போகிறவரை மருத்துவர் தடுப்பதற்குத் தக்க காரணம் வேண்டும்.

வெளிநோயாளர் பிரிவுக்கு வரும் இவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “டாக்டர், எந்தக் கம்பெனி ஷூ வாங்கலாம்?” இக்கேள்விக்கு விடை சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. கம்பெனியின் பெயர் கடைசியாக வரவேண்டிய செய்தி. அதற்கு முன் மூன்று கேள்விகள் உள்ளன. எந்த நிலத்தில் ஓடப் போகிறீர்கள்? உங்கள் பாதம் எப்படிப்பட்டது? அந்தப் பாதத்துக்கு உணர்ச்சி முழுமையாக இருக்கிறதா? முதல் இரண்டையும் எந்த நல்ல கடைக்காரரும் கேட்பார். மூன்றாவதை எந்தக் கடையிலும் கேட்க மாட்டார்கள். இம்மடலைப் படிக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பேணும் குடும்பத்தாருக்கும் அந்த மூன்றாவது கேள்வியே மற்ற இரண்டையும் விட முதன்மையானது என்பது என் கருத்து. ஆயினும் நிலத்திலிருந்தே தொடங்குகிறேன்.

‘பிடிப்பு’ என்ற ஒரே சொல்லால் நாம் இரு வேறு செயல்களைக் குறிப்பிடுகிறோம். சேற்றில் பிடிப்பது ஒன்று. பாறையில் பிடிப்பது மற்றொன்று. ஷூவின் அடியில் உள்ள புடைப்புகளைப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் டயரில் ‘பட்டன்’ என்று சொல்கிறோமே, அதே அமைப்புதான். ஈரமண்ணில் இப்புடைப்புகள் உள்ளே இறங்கி மண்ணைக் கவ்விக்கொள்கின்றன. டிராக்டரின் பின்சக்கரம் நடவு வயலில் நகர்வது இப்படித்தான். அதே டிராக்டர் சக்கரம் வழுவழுப்பான சிமென்ட் தரையில் நின்றால் புடைப்புகளின் நுனி மட்டுமே தரையைத் தொடும். எஞ்சிய ரப்பருக்கு அங்கே வேலை இல்லை. பாறையில் பிடிப்பைத் தருவது ரப்பரின் மென்மையும், அது கல்லோடு தொடும் பரப்பும் ஆகும். ஆகவே சேற்றுக்கென்று செய்யப்பட்ட ஆழ்ந்த புடைப்புள்ள ஷூ, நனைந்த பாறையில் பல நேரங்களில் சாதாரண ஷூவைக் காட்டிலும் மோசமாக வழுக்கும்.

நம் மலைகளில் இதனால் ஒரு சிக்கல் எழுகிறது. ஒரே பாதை சித்திரையில் ஒரு நிலமாகவும் ஐப்பசியில் வேறு நிலமாகவும் இருக்கும். கோடையில் இறுகிய மண்ணும் அதன்மேல் உதிரிச் சரளையும் கிடக்கின்றன. அதற்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் உயரமுள்ள, நெருக்கமாக அமைந்த புடைப்புகள் போதும். வடகிழக்குப் பருவமழை இறங்கியபின் அதே செம்மண் களியாகிவிடும். அப்போது 5, 6 மில்லிமீட்டர் உயரமும் அவற்றிடையே தாராளமான இடைவெளியும் வேண்டும். இடைவெளி குறைவாக இருந்தால் சேறு உள்ளே அடைத்துக்கொண்டு, பத்தடி நடப்பதற்குள் அடிப்பாகம் முழுவதும் தட்டையாகிவிடும். குதிகால் பக்கத்துப் புடைப்புகள் முன்பக்கத்தவற்றுக்கு எதிர்த்திசையில் அமைந்துள்ளனவா என்பதையும் கவனியுங்கள். இறக்கத்தில் பிரேக்காகப் பயன்படுபவை அவைதாம். மலையில் விழுகிறவர்களில் பெரும்பாலோர் இறங்கும்போது விழுவதைத்தான் நான் பார்க்கிறேன். பாறையின் மேல் சிதறிக் கிடக்கும் சரளையோ பால்ரஸ் குண்டுகளைப்போல் உருளக் கூடியது. அங்கே ஷூவால் ஆவது குறைவு, வேகத்தைக் குறைப்பதுதான் வழி. பாசி படிந்த கல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எத்தனை ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய ரப்பரும் பாசியிடம் தோற்றுப்போகும்.

மென்மையான ரப்பருக்கு ஒரு விலை உண்டு: தார்ச்சாலையில் விரைவாகத் தேய்ந்துவிடும். வீட்டிலிருந்து மலையடிவாரம் வரை அதே ஷூவில் நாள்தோறும் ஓடுகிறவர், மழைக்காலம் வரும்போது புடைப்பில்லாத அடிப்பாகத்துடன் நிற்பார். பரணில் சில ஆண்டுகள் கிடந்த ஷூவும் அப்படியே. பார்வைக்குப் புதிதாக இருக்கும். ரப்பர் இறுகிப் போயிருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ரப்பர் அடிப்பாகம் மலைக்கு வந்த கதை துயரமானது. அதற்கு முன் ஐரோப்பிய மலையேறிகள் தோல் அடிப்பாகத்தில் இரும்பு ஆணிகள் அறைந்த பூட்ஸ் அணிந்தனர். 1935-இல் ஆல்ப்ஸ் மலையில் மோசமான வானிலையில் சிக்கி ஆறு பேர் இறந்தனர். காலணிகள் அந்தச் சூழலுக்குப் போதாமல் இருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று கருதப்பட்டது. இறந்தவர்கள், மிலான் நகரத்தைச் சேர்ந்த மலையேறி விட்டாலே பிரமானியின் நண்பர்கள். அந்த இழப்புக்குப்பின் அவர் புடைப்புகள் கொண்ட ரப்பர் அடிப்பாகம் ஒன்றை உருவாக்கி 1937-இல் வெளிக்கொணர்ந்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘விப்ரம்’ என்றே அது வழங்கலாயிற்று. 1954-இல் கே2 சிகரத்தை முதன்முதலாக எட்டிய இத்தாலியக் குழுவினரின் கால்களில் அந்த அடிப்பாகம் இருந்தது. இன்று நம் ஊர்க் கடைகளில் தொங்கும் மலைப்பாதை ஷூக்கள் பலவற்றின் அடிப்பாகம் அந்த வழியில் வந்ததே.

பிடிப்பு அதிகமானால் நல்லதுதானே என்று எண்ணத் தோன்றும். எல்லாருக்கும் அப்படி இல்லை. வயதான தாய் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்ற அக்கறையில், “நல்ல கிரிப் இருக்கும்” என்று மலைப்பாதை ஷூவையே வீட்டுக்குள் அணிய வாங்கித் தரும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அத்தாய்க்குப் பார்க்கின்சன் நோய் இருந்து பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடப்பவராக இருந்தால், அல்லது பக்கவாதத்துக்குப்பின் முன்பாதத்தைச் சரியாகத் தூக்க இயலாதவராக இருந்தால், அதே கிரிப் அவரை விழச் செய்யும். பாதம் தரையில் ஒட்டி நின்றுவிடும். உடல் முன்னே போய்விடும். இத்தகையோருக்கு வேண்டியது மெல்லிய, புடைப்பற்ற, குதிகால் விளிம்பு சற்றே சரிவாகச் சீவப்பட்ட காலணி. நனைந்த குளியலறை ஓட்டில் ஆழ்ந்த புடைப்புகள் உதவுவதும் இல்லை. சுவரில் பதித்த கைப்பிடி உதவும்.

இனித் தாங்கல். விளம்பரங்களில் ‘ஆர்ச் சப்போர்ட்’ என்ற சொல் இல்லாத ஷூவே இல்லை. இதன் பின்னணியில் ஒரு கோட்பாடு உண்டு. நடக்கையில் பாதம் சற்று உட்புறமாகச் சரிகிறது. அச்சரிவு மிகுந்தால் முழங்கால் கெடும், கணுக்கால் கெடும். ஆகவே வளைவைத் தாங்கிப் பிடிக்கும் ஷூ அணிந்து சரிவைத் தடுக்க வேண்டும் என்பது அக்கோட்பாடு. ஈரக்காலைக் காகிதத்தில் பதித்துப் பார்த்து ‘உங்களுக்குத் தட்டைப் பாதம்’ என்று கூறி அதற்கேற்ற ஷூவைக் கடைக்காரர் எடுத்து வைப்பார். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. சோதித்துப் பார்த்தபோது அவ்வளவு பொருந்தவில்லை. அமெரிக்க ராணுவம், விமானப்படை, கடற்படைக் காலாட்படை ஆகியவற்றின் புதுப் பயிற்சியாளர்களிடம் நடந்த மூன்று பெரிய ஆய்வுகள் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் வெளியாயின. ஒரு பகுதியினருக்குப் பாத வடிவத்தைப் பார்த்து ஷூ தரப்பட்டது. மற்றவர்களுக்கு எதையும் பார்க்காமல் ஒரே வகை தரப்பட்டது. காயங்களின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. டென்மார்க்கில் 927 புதிய ஓட்டக்காரர்களுக்கு ஒரே மாதிரியான சாதாரண ஷூ கொடுத்து ஓராண்டு கவனித்து 2014-இல் வெளியிட்ட ஆய்விலும், பாதம் உட்சரிபவர்களுக்குக் காயம் மிகுதியாக ஏற்பட்டதாகத் தெரியவில்லை. இதற்கு மாறாக, லக்சம்பர்க்கில் 372 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு, உட்சரிவு உள்ளவர்களுக்குச் சரிவைக் கட்டுப்படுத்தும் ஷூ உதவியதாகக் கூறுகிறது. எனவே அவ்வகை ஷூவை ஏமாற்று என்று நான் ஒதுக்கவில்லை. வலியே இல்லாத ஒருவருக்குப் பாதத்தின் அச்சைக் காட்டிப் பயமுறுத்தி விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

தட்டைப் பாதத்தைக் குறை என்று கருதும் பெற்றோருக்கு ஒரு செய்தி. நம் நாட்டில் 2,300 குழந்தைகளைப் பரிசோதித்து 1992-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும் வெறுங்காலுடன் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. மூடிய ஷூ அணிந்தவர்களிடம் அது மிகுதி. தாங்கல் இல்லாததால்தான் பாதம் தட்டையாகிறது என்ற எண்ணத்துக்கு இது முற்றிலும் எதிரான சித்திரம். வலியின்றி, இரு பக்கமும் ஒரே மாதிரி, நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தோன்றும் பாதத்துக்கு மருத்துவம் தேவையில்லை. நடுவயதில் ஒரு கால் மட்டும் புதிதாகத் தட்டையாகிக் கணுக்காலின் உட்புறம் வீங்கி வலித்தால், ஷூ கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் வாருங்கள். அது தசைநாண் தளரும் நோயாக இருக்கலாம்.

உண்மையான தாங்கல் ஷூவின் பிற இடங்களில் இருக்கிறது. குதிகாலைச் சூழும் பின்சுவர் விரலால் அழுத்தினால் மடங்கிவிடாமல் உறுதியாக இருக்க வேண்டும். ஷூவை இரு கைகளாலும் பற்றித் துணி பிழிவதுபோல் முறுக்கினால் ஓரளவு எதிர்க்க வேண்டும். மடக்கினால் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. கூரிய கற்கள் நிறைந்த பாதையானால் முன்பாதத்தின் அடியில் மெல்லிய தகடு வைத்த ஷூக்கள் கிடைக்கின்றன, அவை பயனுள்ளவை. மெத்தை மிகத் தடித்து உயர்ந்த ஷூக்கள் சமதரையில் இதமாக இருந்தாலும் கரடுமுரடான பாதையில் கணுக்காலைத் தள்ளாடச் செய்கின்றன. கணுக்காலுக்கு மேல் உயர்ந்த பூட்ஸ் அணிந்தால் சுளுக்காது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. சுளுக்கு மீண்டும் வராமல் காப்பதில் பயிற்சிக்குத்தான் தெளிவான சான்று உண்டு. நெதர்லாந்தில் ஏற்கெனவே சுளுக்கு வந்த 522 விளையாட்டு வீரர்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், எட்டு வாரம் வீட்டிலேயே சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் செய்யாதவர்களில் 33 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் மறுபடி சுளுக்கியது. ஒற்றைக் காலில் நின்று பல் துலக்குவதிலிருந்து இதைத் தொடங்கலாம். செலவும் இல்லை.

அளவைப் பற்றி ஒரு சொல். செருப்பணிந்து வளர்ந்த நம் பாதங்கள் முன்புறம் விரிந்தவை. கடையில் இருக்கும் ஷூக்களில் பெரும்பாலானவை ஒரே அகலத்தில் வருகின்றன. அகலம் போதாதபோது நாம் நீளத்தைக் கூட்டி வாங்குகிறோம். பிறகு குதிகால் உள்ளே தளர்ந்து ஆடுகிறது, இறக்கத்தில் பாதம் முன்னே சரிந்து நகம் கறுத்துப் போகிறது. ஷூவின் உள்தட்டையை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நின்று பாருங்கள். விரல்கள் ஓரத்தில் வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கு ஒடுக்கம். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது, ஓடும்போது அணியும் அதே காலுறையுடன், நின்றபடி அளவு பாருங்கள். கடையில் படிக்கட்டு இருந்தால் இறங்கிப் பாருங்கள். விரல் நுனி முன்சுவரில் இடித்தால் மேலே உள்ள கடைசித் துளை வரை கயிறு கோத்து இறுக்கி மறுபடி இறங்குங்கள். அப்போதும் இடித்தால் அது வேண்டாம். இவையெல்லாம் முடிந்தபின், இரண்டு மூன்று ஜோடிகளுக்குள் எது இதமாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம். உணர்ச்சி நலமாக உள்ள பாதத்துக்கு அந்த இதமே நம்பத் தகுந்த வழிகாட்டி.

உணர்ச்சி குறைந்த பாதத்துக்கு அந்த இதம் பொய் சொல்லும்.

58 வயதான ஒருவர் என் சிகிச்சைக்கு வந்தார். 14 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நடைப்பயிற்சியால் சர்க்கரையை நன்கு கட்டுக்குள் வைத்திருந்தவர். நண்பர்களுடன் மலைப்பாதைக்கும் போகத் தொடங்கியிருந்தார். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய விலையுயர்ந்த ஷூ, பிடிப்பிலும் தாங்கலிலும் குறைசொல்ல முடியாதது. 12 கிலோமீட்டர் ஓடியும் நடந்தும் வீடு திரும்பியபின், துவைக்கப் போட்ட காலுறையில் இரத்தத்தை அவர் மனைவிதான் கண்டார். ஷூவுக்குள் சுண்டுவிரல் நகமளவு ஒரு கல். “வலிச்சிருந்தா அங்கேயே கழட்டிப் பார்த்திருப்பேனே, டாக்டர்” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. வலித்திருந்தால் எவரும் கழற்றிப் பார்த்திருப்பார். புண் எலும்பு வரை சென்றிருந்தது. இரண்டாம் விரலை எடுக்க வேண்டியதாயிற்று.

வலியின்மை பாதத்தை எப்படி அழிக்கிறது என்பதை உலகுக்குக் காட்டியதில் நம் மாநிலத்துக்குப் பெரும் பங்குண்டு. 1914-இல் கொல்லிமலையில் பிறந்து சிறுவயதை அங்கேயே கழித்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றினார். தொழுநோயால் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்று அனைவரும் நம்பிய காலம் அது. உணர்ச்சி இழந்த கையும் காலும் அன்றாடம் அடையும் சிறு காயங்களும் ஓயாத அழுத்தமுமே அவற்றைச் சிதைக்கின்றன என்பதை அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் நிறுவினர். அழுத்தத்தைப் பரப்பிவிடும் காலணிக்கான தேடலில் மைக்ரோசெல்லுலார் ரப்பர் வந்தது. இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு நாம் பரிந்துரைக்கும் எம்.சி.ஆர். செருப்பு அந்தப் பணியின் தொடர்ச்சி. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்: எம்.சி.ஆர். செருப்பு சமதரைக்கானது. அதை அணிந்து மலையேறக் கூடாது.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோய் உள்ளவருக்குப் பாத உணர்ச்சி எப்படி இருக்கிறது என்பதை நீங்களே முதற்கட்டமாகச் சோதிக்கலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரின் பெயரால் வழங்கும் எளிய முறை இது; கருவி ஏதும் வேண்டாம். அவரைப் படுக்க வைத்துக் கண்களை மூடச் சொல்லுங்கள். உங்கள் சுட்டுவிரலின் நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் ஆகியவற்றின் நுனிகளை ஒன்றிரண்டு நொடி மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தட்டவோ வருடவோ கூடாது. இரு பாதங்களிலுமாக ஆறு இடங்கள். தொடும்போதெல்லாம் வலமா இடமா என்று அவர் சொல்ல வேண்டும். இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சிக் குறைவு இருக்கக்கூடும். மருத்துவரிடம் அழைத்து வாருங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் நாங்கள் உறுதி செய்வோம். மகளோ மருமகனோ பேரனோ யாரும் செய்யலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் ஆண்டுக்கொரு முறை மருத்துவரிடம் பாதங்களைக் காட்டுவதை விட வேண்டாம்.

உணர்ச்சி குறைந்தது உறுதியானால் மலைப்பாதையில் ஓட வேண்டாம் என்பது என் முடிவு. கடுமையானது என்று சிலர் வருந்துவார்கள். நண்பர்களை விட்டு விலகுவது எளிதன்று என்பதும் தெரியும். எந்த ஷூவும் அந்தக் கல்லை உள்ளே விடாமல் தடுக்காது, உள்ளே வந்ததைச் சொல்லவும் சொல்லாது. பாதத்தில் புண் இல்லையென்றால் சமமான பாதையில் தக்க ஷூவுடன் நடக்கலாம், நடக்கவும் வேண்டும். தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மலை வேண்டுமென்றால் கார் போகும் தார்ச்சாலையில் நண்பர்களோடு காலையில் நடந்துவிட்டு வாருங்கள். காற்று அங்கேயும் அதே காற்றுதான்.

அவருக்கான ஷூவை இதத்தை வைத்துத் தேர்ந்தெடுக்க முடியாது, அளவை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும். உட்புற நீளம் பாதத்தைக் காட்டிலும் 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்கட்டும். அகலம் விரல்களின் அடிப்பகுதியில் பாதத்தின் அகலத்துக்கு இணையாக, மேல்புறம் விரல்களை இடிக்காத உயரத்தில் இருக்கட்டும். உணர்ச்சி குறைந்தவர்கள் இறுக்கமான ஷூவைத்தான் ‘சரியாக இருக்கிறது’ என்பார்கள், ஏனெனில் இறுக்கினால்தான் அவர்களுக்குத் தெரிகிறது. அந்தச் சொல்லை ஏற்காதீர்கள். புது ஷூவை முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் வீட்டுக்குள் அணியச் செய்து, கழற்றியபின் பாதத்தைப் பாருங்கள். சிவந்த தடம் 20 நிமிடத்துக்குள் மறையாவிட்டால் அந்த ஷூ அவருக்கு ஆகாது. நம் நிறத்தில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகவே புறங்கையால் தொட்டு, எந்த இடமாவது மற்றவற்றினும் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் அணியுமுன் ஷூவைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள். காலுறை வெள்ளையாகவோ வெளிர்நிறத்திலோ இருக்கட்டும். இரத்தம் உடனே தெரியும். பாதம் திடீரென்று வீங்கிச் சூடாகி, ஆனால் வலி இல்லாமலோ சொற்ப வலியுடனோ இருந்தால் சுளுக்கு என்று எண்ணி நடக்க விடாதீர்கள். எலும்புகள் உள்ளே நொறுங்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே அழைத்து வாருங்கள்.

நேர்ந்துகொண்டு வெறுங்காலுடன் மலையேறுகிறவர்களுக்கு ஷூ பற்றிய இந்தப் பேச்சு பொருந்தாது என்பதை அறிவேன். பாத உணர்ச்சி குறைந்தவர் என்றால் வேண்டுதலை வேறு வகையில் நிறைவேற்ற முடியுமா என்று பெரியவர்களைக் கேளுங்கள். முடியாதென்றால் விடியலில் ஏறி வெயில் கொதிக்கும் முன் இறங்கிவிடுங்கள். நண்பகல் கற்படியில் கொப்புளித்த பாதங்களை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறேன்.

பரிசாக ஷூ வாங்கி அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். தந்தையின் பிறந்தநாளுக்கு இணையத்தில் ஷூ வாங்கி அனுப்புவது அன்பின் அடையாளம் என்பதில் ஐயமில்லை. எண்கள் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். ஆண்களுக்கான பிரிட்டன் அளவு 8 என்பது ஏறத்தாழ அமெரிக்க அளவு 9, ஐரோப்பிய அளவு 42. அதிலும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். வந்து சேர்ந்த ஷூ சற்று இறுக்கமாக இருந்தாலும், “பிள்ளை அனுப்பினது” என்று அப்பாக்கள் திருப்பியனுப்ப மாட்டார்கள். காலைத் திணித்துக்கொண்டு நடப்பார்கள். பணத்தை அனுப்பி, அருகில் இருப்பவர் ஒருவருடன் மாலையில் கடைக்குப் போகச் சொல்லுங்கள். கடைக்குப் போக இயலாதவராயின் இரு பாதங்களையும் காகிதத்தின்மேல் வைத்து நிற்கச் செய்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து வரைந்து வெட்டிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். காகிதம் ஷூவுக்குள் சுருளாமல் மடங்காமல் படிய வேண்டும். இரு பாதமும் ஒரே அளவாக இருப்பது அரிது, பெரியதற்கே வாங்குங்கள்.

கால்வலிக்காகவோ புது ஷூ பற்றிக் கேட்பதற்காகவோ எங்களிடம் வரும்போது பழைய ஷூவையும் கொண்டு வாருங்கள். கழுவ வேண்டாம், துடைக்கவும் வேண்டாம். குதிகாலின் வெளியோரம் சற்றுத் தேய்ந்திருப்பது எல்லாருக்கும் இயல்பு. உட்புறம் முழுவதும் தேய்ந்திருந்தால், இரண்டு ஷூவும் வேறுவேறு விதமாகத் தேய்ந்திருந்தால், உள்தட்டையில் ஒரே இடத்தில் குழி விழுந்திருந்தால், அல்லது முன்னுச்சித் துணியில் விரல் நகம் துளைத்திருந்தால் அவை எங்களுக்குப் பல செய்திகளைச் சொல்லும். உணர்ச்சி குறைந்தவரிடம் ‘எங்கே அழுத்துகிறது?’ என்று கேட்டு விடை பெற முடியாது. உள்தட்டையில் உள்ள அந்தக் குழியைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொள்கிறோம்.